டைப்பிஸ்ட் அக்காவும் காதல் கடித வைரசும்

சூப்பிரண்டு சார் கால்மணி நேரமாக ஒரு படத்தைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். அது படம் என்பது அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் ஐகான்கள் எல்லாம் வழக்கமான இடத்தில்தான் இருந்தன. எதைத் தொட்டாலும் எதுவும் திறக்கவில்லை. மவுஸைக் கவிழ்த்து, அடியில் இருந்த உருண்டையைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து மறுபடி மாட்டினார். அப்போதும் திறக்கவில்லை. மின்விசிறிக்குக் கீழேயும் அவருக்கு வேர்த்துவிட்டது.

அவருக்குப் பின்னால், ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள்.

"நாந்தான் சார்" என்றாள். "திரையப் படம் புடிச்சு அதையே திரைக்குப் பின்னால ஒட்டிவிட்டுட்டேன். நெச ஐகான ஒளிச்சு வச்சிருக்கேன். நீங்க இவ்வளவு நேரமும் சுவத்துல வரைஞ்ச கதவத் தட்டிக்கிட்டு இருக்கீய."

சூப்பிரண்டு சார் எழுந்து நின்று அவளைப் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார், சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்கா குனிந்து இரண்டு பொத்தான்களை அழுத்தினாள். எல்லாம் பழையபடி ஆனது.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகம் அது. நான் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தபோது அக்காவுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பெயரைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. பிரின்ஸ்பாலுக்குக்கூட அவள் 'டைப்பிஸ்ட் அக்கா'தான். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கணவருக்கு அங்கே நூல் மில்லில் வேலை. போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரமெல்லாம் கம்ப்யூட்டர் பத்திரிகைதான் படிப்பாள். சந்திப்புப் பக்கம் ஒரு கடையில் பழைய இதழ்களை வாங்கி வருவாள். அம்பாசமுத்திரத்தில் ஜன்னல் சீட்டுக் கிடைத்ததும் பிரித்தால் சேரன்மகாதேவி வருவதற்குள் ஒரு புது வேலை கற்றிருப்பாள். அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அதை யார் மீதாவது பரீட்சித்துப் பார்ப்பாள்.

ஒரு முறை பிரின்ஸ்பாலின் உதவியாளர் 'சர்' என்று தட்டினால் 'டார்லிங் சர்' என்று தானாக மாறும்படி வைத்திருந்தாள். பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய கடிதம் அச்சாகி வெளியே வரும்வரை பிரிண்டர் பக்கத்திலேயே நின்றாள். காகிதம் வந்ததும் தானே எடுத்து அவரிடம் காட்டி, "நாந்தான்" என்று சொல்லிவிட்டுக் கிழித்துப் போட்டாள். இன்னொரு நாள் வேதியியல் துறைத் தலைவி ஒவ்வொரு முறை 'சேமி' கொடுக்கும்போதும் சிடி தட்டு வெளியே நாக்கை நீட்டியது. அன்றும் அவர் கதவுப் பக்கம் அக்கா இருந்தாள். செய்துவிட்டு அந்த இடத்தை விட்டுப் போகமாட்டாள். தன் குறும்புக்காக வேறு யாரையாவது ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டால்கூட அவளுக்குத் தாங்காது.

எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் சேர்வதற்கு முந்தின வருடம் தேர்வுப் பிரிவு எழுத்தரின் கம்ப்யூட்டரில், வட்டு முழுவதும் அழிவதுபோல் எண் ஓடும் ஒரு சின்ன நிரலை எழுதி வைத்திருக்கிறாள். நூறு வந்ததும் 'ஏப்ரல் ஃபூல்' என்று வரும். ஆனால் அந்த மனிதர் அறுபதிலேயே பதறிப்போய் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டார். அவர் திறந்து வைத்திருந்த ஹால் டிக்கெட் பட்டியல் உண்மையாகவே கெட்டுப்போயிற்று. எழுநூறு பெயர்கள். அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாராம்.

அக்கா நான்கு நாட்கள் உட்கார்ந்து எழுநூறு பெயர்களையும் திரும்ப அடித்துக் கொடுத்தாள். அந்த நான்கு நாளும் அவருக்கும் சேர்த்து வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தாள். அதற்குப் பிறகுதான் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். என்னிடமும் சொன்னாள்.

"எஸ்கேப் பொத்தான அழுத்தினா எல்லாம் பழையபடி வந்துரணும்ட்டி. வரலைன்னா அது வெளையாட்டே கெடையாது."

வைரஸ்களிலும் அவளுக்கு நல்லது கெட்டது உண்டு. ஆவண அறையில் பழைய கறுப்பு வெள்ளைக் கம்ப்யூட்டர் ஒன்று, எதனுடனும் இணைக்கப்படாமல் தனியாகக் கிடந்தது. யாரோ கொண்டுவந்த ஃபிளாப்பியிலிருந்து அதில் ஒரு வைரஸ் ஏறியிருந்தது. நாம் ஏதாவது தட்டிக்கொண்டிருக்கும்போது எழுத்துகள் ஒவ்வொன்றாக வரியிலிருந்து கழன்று திரையின் அடியில் பொலபொலவென்று விழும். அவ்வளவுதான் அதன் வேலை. அதை அழிக்க அக்கா விடவில்லை.

"எங்கனயோ ஒருத்தன் உக்காந்து, எழுத்து மழை மாதிரி உழுந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சிருக்கான் பாரு. அவன் யாருன்னுகூட நமக்குத் தெரியாது. ஒரு பைசா பிரயோசனம் இல்லாம நம்மள சிரிக்க வச்சிருக்கான்" என்பாள்.

நூலகர் வெள்ளிக்கிழமைதோறும் வந்து அந்த மழையைப் பார்ப்பார். ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு, கல்யாணம் ஆகவில்லை. எல்லோருக்கும் அவர் 'சார்வாள்'. அந்த வாரம் வந்த பத்திரிகைகளின் பட்டியலை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதையே தாளில் அச்சடித்தும் நேரில் கொண்டுவருவார். ஆவண அறை வாசலில் நின்று எழுத்துகள் விழுவதைப் பார்த்துவிட்டு, "பாவம், வரிசையா நின்ன எழுத்துக" என்பார். பிறகு என் மேஜையில் தாளை வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவது அந்த மழையைப் பார்க்கத்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

இரண்டாயிரமாவது வருடம் மே மாதம், கல்லூரிக்கு விடுமுறை. சேர்க்கை வேலைக்காக அலுவலகமும், கூடவே நூலகமும் துறைத் தலைவர்களின் அறைகளும் மட்டும் இயங்கின. எனக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மஸ்கட்டில் பொறியாளர். வீட்டில் போன் இல்லாததால் அலுவலக முகவரிக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். 'டியர் மிஸ்' என்று தொடங்கி, அங்கே எத்தனை டிகிரி வெயில் என்று சொல்லி, 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று முடிப்பார். நிச்சயம் முடிந்து மூன்று மாதமாகியும் நான் அவருக்கு மிஸ்தான்.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். அவரிடமிருந்து வந்த மின்னஞ்சலின் தலைப்பில் 'ஐ லவ் யூ' என்று இருந்தது.

நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. காதுமடல் சூடாகிவிட்டது. உள்ளே, இணைத்திருக்கும் காதல் கடிதத்தைப் படிக்கவும் என்று ஒரே ஒரு வரி. கடிதத்தைச் சொடுக்கினேன். ஒன்றும் திறக்கவில்லை. இன்னொரு முறை சொடுக்கினேன். மூன்றாவது முறையும். மோடத்தின் சிவப்பு விளக்குகள் மட்டும் விடாமல் மினுங்கிக்கொண்டிருந்தன.

என் முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். மஸ்கட்காரர், பெங்களூரில் என் தம்பி, பிறகு நூலகர்.

அரைமணி நேரம் கழித்து சார்வாள் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. கையில் தாளும் இல்லை. என்னைப் பார்த்து, "மெயில் பார்த்தேன்" என்றார். குரல் ஒருமாதிரி இருந்தது. "பதில் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ பட்டியல் என்று நினைத்தேன்.

மதியத்துக்குள் வளாகம் முழுக்கச் சிரிப்பு. நூலகரின் முகவரிப் புத்தகம் பெரியது. அவர் பெயரிலிருந்து பிரின்ஸ்பாலுக்கு 'ஐ லவ் யூ' போயிருந்தது. வேதியியல் துறைத் தலைவிக்கு, புத்தகம் அனுப்பும் பதிப்பகங்களுக்கு, பல்கலைக்கழக அலுவலகத்துக்கு, பக்கத்துப் பெண்கள் கல்லூரியின் தலைமைச் சகோதரிக்கு என்று அறுபது பேருக்கு மேல். வராந்தாவில் அட்டெண்டர் இன்னொருவரிடம், "கேட்டீரா வே, நம்ம சார்வாளுக்கு இந்த வயசுல காதல் காத்தடிச்சிருக்கு. அதுவும் அறுவது பேரு மேல!" என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. அறுபது பேரில் நானும் ஒருத்தியாக இருப்பேன் என்றுதான் நானும் சிரித்தேன். அதை இன்றைக்கு எழுதும்போதும் கூசுகிறது.

அக்காவைக் கூப்பிட்டது நான்தான். என் கம்ப்யூட்டரில் மாணவர்களின் புகைப்படங்கள் ஒன்றும் திறக்கவில்லை. அவள் உட்கார்ந்தாள். வந்த மின்னஞ்சலைப் பார்த்தாள், அனுப்பப்பட்டவற்றைப் பார்த்தாள். இணைப்பின் பெயருக்குக் கடைசியில் இருந்த மூன்று எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இது கடுதாசி இல்லட்டி. நிரல். நீ தொறந்ததும் ஒன் பேருல சார்வாளுக்குப் போயிருக்கு. அவரு தொறந்ததும் ஊருக்கெல்லாம் போயிருக்கு. படத்தையெல்லாம் தின்னுட்டு."

"எஸ்கேப்..." என்றேன்.

"இதுல அது கெடையாது."

பிறகு அவள் கண் வேறொரு வரியில் நின்றது. நூலகரிடமிருந்து வந்த பதில். எனக்குத் தெரியாதபடி திரையைச் சற்றுத் திருப்பி மறைத்துக்கொண்டு அதைத் திறந்தாள். ஒரு முறை படித்தாள். அவள் முகத்தில் எப்போதும் இருக்கும் அந்தக் குறும்பு போன இடம் தெரியவில்லை. அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் கூடையையும் காலி செய்தாள். எழுந்து மோடத்தின் தொலைபேசி வயரைப் பிடுங்கினாள்.

"அக்கா, என்ன போட்டிருந்தாரு?"

"நீ ஒண்ணும் பேசாத. இங்கனயே இரி. நான் வந்துருதேன்."

நான் இருக்கவில்லை. அவள் பின்னாலேயே போனேன். பிரின்ஸ்பால் அறை திறந்துதான் இருந்தது. நூலகர் மேஜைக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றார். சூப்பிரண்டு சார் ஓரமாக நின்றார்.

"இது வேற யார்ட்ட இருந்தோ உமக்கு வந்திருக்கு, நீரு தொறந்திருக்கீரு. அந்த அளவுக்கு எனக்கும் தெரியும்" என்றார் பிரின்ஸ்பால். "யார்ட்ட இருந்து வந்துச்சு? பேரச் சொல்லும். பக்கத்துக் காலேஜ் மதருக்கு நான் பதில் சொல்லணும்."

"தெரியாம நடந்துட்டு சார்" என்றார் நூலகர்.

"பேரு?"

அவர் சொல்லவில்லை. மூன்று முறை கேட்டார் பிரின்ஸ்பால். நூலகர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பம் விளக்கக் கடிதம் வேண்டாம், ராஜினாமாவே எழுதித் தாரும்" என்றார் பிரின்ஸ்பால்.

நான் உள்ளே போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதைச் சொன்னால் மஸ்கட் பெயர் வரும். என் பெயரும் சார்வாள் பெயரும் சேர்ந்து வரும். ஆவணிக் கல்யாணம், அப்பா, சர்ச்சில் எல்லோரும். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தான் சார்" என்று அக்கா உள்ளே போனாள். "நேத்து ஒரு ஃபிளாப்பி கொண்டாந்தேன். வெளையாட்டுக்கு லைப்ரரி கம்ப்யூட்டர்ல போட்டுவிட்டேன். இப்படி ஆகும்னு தெரியாது. சார்வாளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த இரண்டு சொல்லை அவள் அத்தனை முறை சொல்லியிருந்தாள், அதனால் உடனே நம்பிவிட்டார்கள். பிரின்ஸ்பால் நூலகரிடம், "அப்படியா?" என்று மட்டும் கேட்டார். நூலகர் நிமிர்ந்து அக்காவை வெகுநேரம் பார்த்தார்.

மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. உலகம் முழுவதும் அதே கடிதம். அலுவலகத்தில், "அக்கா உலகத்தையே ஆட்டிட்டாளே" என்று கேலி செய்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். ஆனால் வைரஸ் உள்ள ஃபிளாப்பியைக் கொண்டுவந்ததாக அவளே சொல்லிவிட்டாள், மெமோ மெமோதான். தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தார்கள். ஆவண அறைக் கம்ப்யூட்டரையும் வைரஸ் பயத்தில் கழற்றி விற்றுவிட்டார்கள்.

சூப்பிரண்டு சார் மட்டும் தபால் பிரிவுக்குப் போய் அவளிடம் சொன்னார். நான் அப்போது உறைகளை வாங்க நின்றிருந்தேன்.

"ஏம்மா, நீ யார ஏமாத்துத? ஒன் வெளையாட்டுல அதிகமா மாட்டுனவன் நான். நீ செஞ்சா அத எடுக்கவும் வழி வச்சிருப்ப. இது ஒன் வேல இல்ல."

"தபால் நேரமாச்சு சார்" என்றாள் அக்கா, உறையில் பசையைத் தடவிக்கொண்டே.

மூன்று வருடம் அவள் தபால் பிரிவில் இருந்தாள். நான் ஆவணியில் கல்யாணம் முடிந்து, தையில் மஸ்கட் போய்விட்டேன். அங்கே போய்க் கேட்டபோது கணவர் சாதாரணமாகச் சொன்னார். "அதுவா? எங்க கம்பெனியில முந்நூறு பேருக்கும் என் பேர்ல போச்சு. உனக்கும் வந்துச்சா?"

நூலகர் கல்யாணத்துக்கு வந்திருந்தார். கடைசி வரிசையில் நின்று, சாப்பிடாமல் போய்விட்டார். நான் வேலையை விடும்வரை பட்டியலை அட்டெண்டர் கையில்தான் கொடுத்தனுப்பினார்.

நாங்கள் ஊருக்கே திரும்பிவந்து இப்போது சில வருடங்களாகின்றன. போன மாதம் பழைய அலுவலகக்காரர்களின் வாட்ஸப் குழுவில், சார்வாள் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. மூன்றாம் நாள் விக்கிரமசிங்கபுரம் பஸ் ஏறிவிட்டேன்.

அக்காவுக்கு முழங்கால் வலி. மற்றபடி அப்படியே இருந்தாள். நான் போனபோது போனில் பேசிக்கொண்டிருந்தாள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவனோ அட்டை எண் கேட்கிறானாம். கண்ணாடியைத் தேடுகிறேன், அட்டையைத் தேடுகிறேன் என்று அவனை நாற்பது நிமிஷம் பிடித்து வைத்திருந்தாள். கடைசியில் அவனே கெட்ட வார்த்தை சொல்லி வைத்துவிட்டான்.

"இப்ப உள்ளவனுவளுக்குச் சிரிக்கத் தெரியலட்டி. செஞ்சுட்டு ஓடிப்போயிருதானுவ" என்றாள்.

காப்பி குடித்து முடித்தேன். அப்புறம்தான் அதைச் சொல்ல முடிந்தது. "அக்கா, அன்னைக்கு நான் உள்ள வந்து சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா?" என்றாள். "என்னையப் பத்திச் சொன்னா சிரிப்பாங்க. ஒன்னையப் பத்திச் சொன்னா பேசுவாங்க. நான் அத யோசிச்சுத்தான் உள்ள போனேன். கம்ப்யூட்டர எடுத்துட்டாங்கன்னு கொஞ்ச நாள் வருத்தமாத்தான் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

வைரஸ் வந்த அன்று சாயங்காலம் அவள் நூலகத்துக்குப் போயிருக்கிறாள். அதை எனக்கு இப்போதுதான் சொன்னாள். அந்தக் கடிதத்தை அனுப்பியது நான் இல்லை, இயந்திரம்தான் என்று அவரிடம் விளக்கியிருக்கிறாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"நான் போட்ட பதில அவங்க படிச்சிட்டாங்களா?"

"இல்ல சார்வாள். நான் அழிச்சிட்டேன்."

"மாதாவே" என்று நாற்காலியில் உட்கார்ந்தாராம். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாராம். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன் என்றாள் அக்கா.

"என்னக்கா எழுதியிருந்தாரு? இனியாவது சொல்லலாம்லா."

"அது ஒனக்கு வந்த கடுதாசி இல்லட்டி. அந்த வைரசுக்கு வந்தது."

"மறந்துட்டியளா?"

"நான் டைப்பிஸ்ட். ஒரு தடவ பாத்தா கமா, புள்ளி வரைக்கும் மறக்காது."

முழங்கால் வலியோடு பஸ் நிறுத்தம்வரை கூட நடந்து வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மில் ஷிப்டு விட்ட நேரம். சைக்கிள்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. பாபநாசத்திலிருந்து வரும் பஸ் தூரத்தில் தெரிந்ததும் அவள் என் கைப்பையை வாங்கித் தோளில் சரியாக மாட்டிவிட்டாள்.

"இவ்வளவுதான் சொல்லுவேன், மேக்கொண்டு கேக்காத" என்றாள். "நல்லா எழுதியிருந்தாரு."

பஸ் வந்து நின்றது.

"ஏறு. பைய, பாத்து ஏறு."